வெள்ளைக் கையுறை போட்ட சுரங்கத் தொழிலாளி: ரே ரியர்டனைத் தேடி வேல்ஸ்ல இருந்து ஷெஃபீல்டு வரைக்கும் அஞ்சு நாள்

நாள் 1, மே 1, 2025, வியாழன். ட்ரெடீகர்

கார்டிஃப்ல ட்ரெயின் ஏறினதுல இருந்து ஒரு மணி நேரமும் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கல. ரெண்டு பக்கமும் மலை, நடுவுல சின்னதா ஒரு ஆறு, ஆத்தை ஒட்டி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரிசை வரிசையா வீடுங்க, சரிவு முழுக்க பச்சை. இந்தப் பச்சைக்கு அடியிலதான் ஒரு காலத்துல ஊரே வேலை பாத்துச்சுன்னு தெரியலைன்னா ஏதோ மலைவாசஸ்தலம்னு நெனச்சிடுவோம். எப்பு வேல் டவுன் ஸ்டேஷனோட ரயில் பாதை முடிஞ்சிடுது, அங்க இறங்கி பஸ் புடிச்சு மலையைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்கு வந்தா ட்ரெடீகர்.

எதுக்கு இந்த ஊருன்னு கேப்பீங்க. ரே ரியர்டன் பொறந்த ஊரு. 1932 அக்டோபர் 8. ஸ்நூக்கர்ல, அதான் பெரிய மேஜைல குச்சியால பந்தை இடிச்சுக் குழியில போடற ஆட்டம், ஆறு தடவை உலக சாம்பியன்: 1970, 73, 74, 75, 76, 78. போன வருஷம் ஜூலைல 91 வயசுல போயிட்டார். அந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்கே அவர் நடந்த தெருவுல ஒரு தடவை நடந்துடணும்னு முடிவு பண்ணிட்டேன், லீவு கெடைக்கத்தான் இத்தனை மாசம் ஆச்சு.

எனக்கு ஸ்நூக்கர் அப்பா மூலமா வந்தது. அப்பா நெய்வேலி சுரங்கத்துல கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை பாத்தவர், ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு. கேபிள் டிவி வந்த புதுசுல நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூக்கம் வராம உக்காந்து ஸ்நூக்கர் பாப்பார், நானும் பக்கத்துல உக்காந்துப்பேன். அப்போ ஸ்டீஃபன் ஹென்ட்ரிங்கற சாம்பியனோட காலம். ரியர்டனை நாங்க ஆடிப் பாத்ததே இல்ல, பழைய வீடியோல பாத்ததுதான். ஆனா ஒரு விஷயம் படிச்சதும் அந்த மனுஷன் எங்க வீட்டு ஆளு மாதிரி ஆயிட்டார். கிராமர் ஸ்கூல்ல இடம் கெடச்சும் வேணாம்னுட்டு 14 வயசுல அவங்கப்பா பின்னாடியே டை ட்ரிஸ்ட் சுரங்கத்துல வேலைக்கு இறங்கினவர், ஸ்நூக்கர் ஆடற கை கெட்டுப் போயிடக் கூடாதுன்னு கரி வெட்டறப்போ வெள்ளைக் கையுறை போட்டுக்குவாராம். அத்தனை கருப்புக்கு நடுவுல வெள்ளைக் கையுறை! கூட வேலை பாக்கற ஆளுங்க என்ன பேசியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, அதையெல்லாம் காதுல வாங்காம தெனமும் போட்டுக்கிட்டு இறங்கறதுக்கு அந்த வயசுல எவ்ளோ மனசு வேணும்.

ஊருக்கு நடுவுல வார்ப்பிரும்புல ஒரு பெரிய மணிக்கூண்டு, 1858ல வெச்சது. அதைச் சுத்தித்தான் கடைங்க. பெட்வெல்டி பார்க்ல ஒரே கல்லா 15 டன் நிலக்கரி, 1851ல லண்டன் பெரிய கண்காட்சிக்குன்னு வெட்டி எடுத்து, கொண்டு போக முடியாம இங்கயே நின்னுடுச்சு. ரொம்ப நேரம் அது பக்கத்துலயே நின்னேன். நெய்வேலி கரி பழுப்பு, கையால நொறுக்கலாம். இது இரும்பு மாதிரி இருக்கு.

இந்த ஊர்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் அனைரின் பெவன் பேருதான். பிரிட்டன்ல எல்லாருக்கும் இலவச வைத்தியம் கொண்டு வந்த மந்திரி. அவரும் சின்ன வயசுல இதே டை ட்ரிஸ்ட் சுரங்கத்துலதான் வேலை பாத்திருக்கார். ஒரே குழிக்குள்ள இருந்து ரெண்டு பேரு. அந்தக் காலத்துல சுரங்கத் தொழிலாளிங்க வாராவாரம் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சம் போட்டு ஒர்க்மென்ஸ் இன்ஸ்டிட்யூட்னு அவங்களே கட்டிக்கிட்டாங்க, அதுல லைப்ரரியும் இருக்கும் பில்லியர்ட்ஸ் டேபிளும் இருக்கும். பெவன் புக்கு படிச்சது இந்த இன்ஸ்டிட்யூட்ல, ரியர்டன் பத்து வயசுல க்யூ, அதான் அந்த ஆட்டக் குச்சி, புடிச்சதும் இங்கதான். நெனச்சுப் பாத்தா ஆச்சரியமா இருக்கு, இந்த ஆட்டம் 1875 வாக்குல நம்ம ஜபல்பூர்ல ஆர்மி ஆபீசருங்க பொழுது போகாம கண்டுபிடிச்சது, நம்ம ஊட்டி கிளப்ல ரூல்ஸ் எழுதினது, அங்கல்லாம் தொழிலாளிங்க உள்ளயே போயிருக்க முடியாது. அது கப்பலேறி இங்க வந்து கரி வெட்டற ஆளுங்க கையில சேந்திருக்கு.

இங்க ரியர்டனுக்குப் போட்டியா இன்னொரு பையனும் இருந்தார், கிளிஃப் வில்சன். ரெண்டு பேரும் மோதினா ஹால் நெறஞ்சு வழியுமாம். வேல்ஸ் அமெச்சூர் பட்டத்தை ரியர்டன் 1950ல இருந்து 55 வரைக்கும் விடாம ஆறு வருஷம் ஜெயிச்சிருக்கார், அத்தனையும் பகல்ல சுரங்கம், ராத்திரி டேபிள்.

டை ட்ரிஸ்ட் 1959லயே மூடிட்டாங்க. இருந்த பக்கமா நடந்து போய்ப் பாத்தேன், புல்லுதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அப்பாவுக்கு ஃபோன் பண்ணி சொன்னேன். "மூடிட்டா அப்படித்தான் பாப்பா, பத்து மழை பேஞ்சா போதும்"னார்.

நாள் 2, மே 2, வெள்ளி. பிக் பிட், பிளைனாவன்

இன்னைக்கு எழுதறது கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

டை ட்ரிஸ்ட்ல இறங்க முடியாது, ஆனா பக்கத்துல பிளைனாவன்ல பிக் பிட்னு ஒரு பழைய சுரங்கத்தை மியூசியமா வெச்சிருக்காங்க, கூட்டிட்டுப் போறவங்களே முன்னாடி சுரங்கத்துல வேலை பாத்தவங்க. கீழ போறதுக்கு முன்னாடி ஃபோன், வாட்ச், பேட்டரி இருக்கற எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கறாங்க, ஒரு பொறி பட்டாலும் கேஸ் பத்திக்கும்கறதால பழைய ரூல் இன்னும் அப்படியே இருக்கு. தலைல ஹெல்மெட், அதுல லைட், இடுப்புல கனமா ஒரு பேட்டரி பெல்ட். கூண்டு மாதிரி ஒரு லிஃப்ட்ல 90 மீட்டர் கீழ இறங்கினோம். கம்பியில தண்ணி சொட்டுது, காத்து மேல இருந்து ஜில்லுன்னு வருது.

அப்பா வேலை பாத்தது திறந்தவெளிச் சுரங்கம். தலைக்கு மேல வானம் இருக்கும். வெயில் கொளுத்தும், மழைல சேறாகும், ஆனா வானம் இருக்கும். இங்க கூரையே கைக்கு எட்டற உயரத்துலதான், சில இடத்துல குனிஞ்சேதான் நடக்கணும். குதிரைங்களைக் கட்டி வெச்சிருந்த லாயம் கூட இருக்கு, அதுங்க பேரை எழுதி மாட்டியிருக்காங்க.

ஒரு இடத்துல எல்லாரையும் நிக்க வெச்சு லைட்டை அணைக்கச் சொன்னார் அந்தப் பெரியவர். ஒவ்வொண்ணா அணைஞ்சுது. கடைசி லைட்டும் போனப்புறம் கையை மூஞ்சிக்கு நேரா வெச்சுப் பாருங்கன்னார். வெச்சேன். கை இருக்குன்னு எனக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியல. கரண்ட் போன ராத்திரி மாதிரி இல்ல இது, அதுல கூட எங்கயாவது ஒரு துளி வெளிச்சம் இருக்கும், கண்ணு பழகிடும். இங்க எவ்ளோ நேரம் நின்னாலும் பழகாது. ஒரு நிமிஷம்தான் இருந்திருக்கும், எனக்கு மூச்சு அடைச்ச மாதிரி ஆயிடுச்சு.

ரியர்டன் இதுல மூணு மணி நேரம் இருந்திருக்கார். ட்ரெடீகர்ல இல்ல, அவங்க குடும்பம் வேலைக்காக இங்கிலாந்துல ஸ்டோக்குக்கு குடிபோனப்புறம், 1950கள்ல, ஃப்ளாரன்ஸ் சுரங்கத்துல. கூரை சரிஞ்சு ஆளு மண்ணுக்கும் கல்லுக்கும் அடியில மாட்டிக்கிட்டார். நகர முடியாது. கத்தினா வாய்க்குள்ள தூசி. அப்போ பைத்தியம் புடிச்சிடாம இருக்கறதுக்கு அவர் என்ன பண்ணாருன்னா, மனசுக்குள்ளயே தன் தம்பி கூட கோலி ஆடியிருக்கார். ஒரு ஆட்டம், அப்புறம் இன்னொரு ஆட்டம், அப்புறம் இன்னொண்ணு, வந்து தோண்டி எடுக்கற வரைக்கும்.

இதை நான் முன்னாடியே படிச்சிருக்கேன். ஆனா அந்த இருட்டுல நின்னப்போதான் புரிஞ்சுது அவர் ஆட்டம் ஏன் அப்படி இருந்துச்சுன்னு. ஸ்நூக்கர்ல பாதி நேரம் நாற்காலில உக்காந்து எதிராளி ஆடறதைப் பாக்கறதுதான், ஒண்ணும் பண்ண முடியாது, கை கட்டி உக்காரணும், அந்த உக்கார்றதுலதான் பல பேரு உடைஞ்சு போவாங்க. ரியர்டன் உடையவே மாட்டார். சிரிச்சுட்டு உக்காந்திருப்பார். முன்நெத்தியில கூரா இறங்கின கருப்பு முடி, கோரைப்பல்லு தெரியற சிரிப்பு, அதனால டிராகுலான்னு பட்டப்பேரு வெச்சாங்க, அதையும் சந்தோஷமா ஏத்துக்கிட்டார். ஒரு மேட்ச்சுக்குள்ள வர்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஃப்ரேம்னு பேரு, அந்தக் கணக்குதான் ஸ்கோர். 1973 உலக சாம்பியன்ஷிப் செமில ஜான் ஸ்பென்சர் கிட்ட 12-19னு பின்னாடி இருந்து 23-22ன்னு ஜெயிச்சார். 75ல ஆஸ்திரேலியால ஃபைனல், எடி சார்ல்டன் 29-23, இன்னும் ரெண்டே ஃப்ரேம் எடுத்தா போதும் அவருக்கு, அங்க இருந்து ரியர்டன் வரிசையா ஏழு ஃப்ரேம் எடுத்து கடைசில 31-30. இதையெல்லாம் நான் முன்னாடி வெறும் ஸ்கோரா பாத்தேன். தலைக்கு மேல பாறை விழுந்து கெடந்து ஒரு கோலி, இன்னொரு கோலின்னு எண்ணின ஆளுக்கு ஆறு ஃப்ரேம் பின்னாடி இருக்கறது எப்படித் தெரிஞ்சிருக்கும்!

மேல வந்ததும் முதல்ல செஞ்சது கையைப் பாத்தது.

நாள் 3, மே 3, சனி. ஸ்டோக், அப்புறம் ஷெஃபீல்டு

முக்கால்வாசி நாள் ட்ரெயின்லயே போச்சு. ஸ்டோக்ல மூணு மணி நேரம்தான் இருந்தேன், லாங்டன் பக்கம் நடந்துட்டு, பழைய செங்கல் சூளைங்க பாட்டில் மாதிரி நிக்குதே அதைப் பாத்துட்டு கெளம்பிட்டேன்.

இந்த ஊர்லதான் சுரங்க வேலையை விட்டுட்டு போலீஸ்ல சேந்தார் ரியர்டன், 1960ல. கான்ஸ்டபிளா ரோந்து போயிட்டே ஆடி 1964ல இங்கிலீஷ் அமெச்சூர் பட்டம் ஜெயிச்சார், ஃபைனல்ல தோத்தது அதே ஜான் ஸ்பென்சர். 1967ல வேலையை விட்டு ப்ரொஃபஷனல் ஆனப்போ வயசு 35. இன்னைக்கு அந்த வயசுல ஒருத்தர் வேலையை விட்டுட்டு ஆடப்போறேன்னா வீட்ல என்ன சொல்வாங்க! அப்போ ஸ்நூக்கர்ல காசும் கெடையாது, பாக்க ஆளும் கம்மி. 1969ல பிபிசி 2 கலர் ஒளிபரப்பைக் காட்டறதுக்கு எந்த நிகழ்ச்சி தோதா இருக்கும்னு தேடி ஸ்நூக்கரைப் புடிச்சாங்க, கலர் கலரா பந்து இருக்கேன்னு. பாட் பிளாக்னு பேரு, ஒரே ஒரு ஃப்ரேம்ல முடிஞ்சிடற மேட்ச். அதோட முதல் வருஷ சாம்பியன் ரியர்டன். அடுத்த வருஷமே ஜான் புல்மனை 37-33ன்னு ஜெயிச்சு உலக சாம்பியன். எண்ணிக்கையைப் பாருங்க, 70 ஃப்ரேம். 73ல சார்ல்டனோட ஆடின ஃபைனலும் 70தான், 38-32. இப்போ ஃபைனல் அதிகபட்சமே 35, ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்.

அப்புறம் 74ல கிரஹாம் மைல்ஸ், 75ல மறுபடி சார்ல்டன், 76ல அலெக்ஸ் ஹிக்கின்ஸை 27-16ன்னு அடிச்சு நாலாவது தடவையா தொடர்ச்சியா பட்டம். உலக தரவரிசைன்னு ஒண்ணு வந்ததே 76லதான், அதுல முதல் நம்பர் 1 அவர்தான். 79ல முதல் உலகக் கோப்பை அணிப் போட்டி வந்தப்போ ரியர்டன், டெர்ரி கிரிஃபித்ஸ், டக் மவுன்ட்ஜாய்னு மூணு பேரு, வேல்ஸ்தான் ஜெயிச்சுது. கிரிஃபித்ஸும் போன டிசம்பர்ல போயிட்டார், ரியர்டன் போய் அஞ்சு மாசத்துக்குள்ள.

ராத்திரி ஷெஃபீல்டு வந்து ரூம்ல பையை வெச்சுட்டு டிவி போட்டா, மார்க் வில்லியம்ஸ் ஜட் ட்ரம்ப்பை 17-14ன்னு ஜெயிச்சு ஃபைனலுக்கு வந்துட்டார்! கட்டில்ல உக்காந்து அழுதுட்டேன், உண்மையாத்தான் சொல்றேன். வில்லியம்ஸுக்கு 50 வயசு. உலக சாம்பியன்ஷிப் ஃபைனல் ஆடின அதிக வயசு ஆளுங்கற பேரு இத்தனை நாளும் ரியர்டன் கிட்ட இருந்துச்சு, 1982ல 49 வயசுல ஆடினார். அதை இன்னைக்கு எடுத்தது யாரு? எப்பு வேல் பக்கம் கும்ங்கற ஊர்ல பொறந்தவர், வியாழக்கிழமை என் ட்ரெயின் அந்தப் பள்ளத்தாக்கு வழியாத்தான் வந்துச்சு, ட்ரெடீகருக்கு ஒரு மலை தள்ளி. அவங்கப்பாவும் சுரங்கத் தொழிலாளி.

நாள் 4, மே 4, ஞாயிறு. ஷெஃபீல்டு

இன்னைக்கு டிக்கெட் இல்ல. குரூசிபிள் தியேட்டரைச் சுத்திச் சுத்தி நடந்தேன். வெளிய பாத்தா சாதாரண கட்டடம், 1971ல தொறந்த நாடக அரங்கு, 77ல இருந்து உலக சாம்பியன்ஷிப் இங்கதான். முதல் வருஷம் ரியர்டன் காலிறுதிலயே ஸ்பென்சர் கிட்ட தோத்துட்டார், முடிஞ்சு போச்சுன்னு நெனச்சிருப்பாங்க. 78ல பெர்ரி மான்ஸை 25-18ன்னு ஜெயிச்சு ஆறாவது பட்டம். அப்போ அவருக்கு 45 வயசு 203 நாள். பிபிசி தெனமும் ஸ்நூக்கர் காட்ட ஆரம்பிச்ச முதல் வருஷமும் அதுதான், பரிசு 7,500 பவுண்டு. இந்த வருஷம் ஜெயிக்கறவங்களுக்கு 5 லட்சம் பவுண்டு. அந்த வயசு ரெக்கார்டு 44 வருஷம் நின்னுச்சு, 2022ல ரோனி ஓ'சுல்லிவன் 46 வயசுல ஏழாவது தடவையா ஜெயிச்சப்போதான் ஒடைஞ்சுது.

அது வேற யாரு கையாலயாவது ஒடைஞ்சிருந்தா எனக்கு வருத்தமா இருந்திருக்கும். ஏன்னா ரோனிக்கு சேஃப்டி, அதாவது தற்காப்பு ஆட்டம், சொல்லிக் குடுத்ததே ரியர்டன்தான். 2004ல, எழுபதைத் தாண்டின வயசுல. பந்தைக் குழியில போடறதுல ரோனிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. போட முடியாதப்போ என்ன பண்றதுங்கறதுதான் பிரச்சனை, வெள்ளைப் பந்தை மேஜையோட அந்தக் கோடி வரைக்கும் கொண்டு போய் மஞ்சள், பழுப்பு, பச்சைக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுட்டு, இப்ப நீ ஆடுன்னு போய் உக்கார்றது, அந்தப் பொறுமை. அந்த வருஷம் ஃபைனல்ல கிரேம் டாட்டை 18-8ன்னு ஜெயிச்சார் ரோனி. கரிச் சுரங்கத்துல பழகின பொறுமை சுரங்கத்தையே பாக்காத ஒரு பையன் கைக்குப் போயிருக்கு. பட்டங்களை விட எனக்கு இதுதான் பெருசு. ஆறு பட்டத்தை ஸ்டீவ் டேவிஸ் தொட்டுட்டார், ஹென்ட்ரியும் ரோனியும் ஏழுன்னு தாண்டிட்டாங்க, அந்தக் கணக்கு மாறிட்டேதான் இருக்கும்.

82 ஃபைனலையும் சொல்லணும். ஹிக்கின்ஸோட 15-15 வரைக்கும் வந்து 18-15ல தோத்தார். கடைசி ஃப்ரேம்ல ஹிக்கின்ஸ் ஒரே மூச்சுல 135 பாயிண்ட் அடிச்சுட்டு, அழுதுகிட்டே பொண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூப்பிடுவாரே, எல்லாரும் பாத்திருப்பீங்க. அடுத்த தடவை அந்த வீடியோ பாத்தா ரியர்டனைப் பாருங்க. அதே வருஷக் கடைசில 50 வயசு முடிஞ்ச கையோட ஒரு தரவரிசைப் போட்டி ஜெயிச்சுட்டார், 85ல 52 வயசுல மறுபடி இங்க செமி வரைக்கும் வந்தார்.

இன்னைக்கு ஃபைனல் முதல் நாள் முடிவு: சீனாவோட ஜாவோ ஷின்டாங் 11, வில்லியம்ஸ் 6.

நாள் 5, மே 5, திங்கள். ஷெஃபீல்டு

மதிய ஆட்டத்துக்கு டிக்கெட் இருந்துச்சு. உள்ள போனதும் முதல்ல தோணினது, இவ்ளோ சின்னதா! 980 சீட்டுதான். டிவில பாக்கறப்போ பெரிய அரங்கம் மாதிரி தெரியும், நேர்ல பாத்தா ஆட்டக்காரங்க நாற்காலிக்கும் முதல் வரிசைக்கும் கை நீட்டற தூரம்தான், அவங்க க்யூ நுனில சாக்பீஸ் தேய்க்கற சத்தம் கேக்குது, யாரோ பேப்பர் பிரிக்கற சத்தம் கேட்டு பாதிப் பேரு திரும்பிப் பாக்கறாங்க. பந்து குழிக்குள்ள விழற சத்தம் இருக்கே, அது டிவில வர்றதே இல்ல, தொம்முனு நெஞ்சுல விழுது.

ஜாவோவுக்கு 28 வயசு, அமெச்சூரா தகுதிச் சுற்றுல இருந்து ஆடி வந்தவர், செமில ரோனியையே 17-7ன்னு அடிச்சுட்டு வந்திருக்கார். ரெண்டு பேருமே இடது கை, உலக சாம்பியன்ஷிப் ஃபைனல்ல ரெண்டு இடது கைக்காரங்க மோதறது இதான் முதல் தடவை. ஜாவோ தூரத்துல இருந்து போடற பந்தெல்லாம் பாத்தா இவருக்கு சேஃப்டியே தேவையில்லையோன்னு தோணுது, அவ்ளோ அழகு, அதை மனசாரச் சொல்றேன். வில்லியம்ஸுக்கு கண்ணு சரியா தெரியறதில்ல, ஆபரேஷன் பண்ணிக்கப் போறாராம். நாற்காலில அமைதியா உக்காந்திருந்தார், கால் மேல கால் போட்டுக்கிட்டு. நான் மேஜையை விட அந்த நாற்காலியைத்தான் அதிகம் பாத்தேன். மதியம் முடியறப்போ 17-8. ஜாவோவுக்கு ஒரே ஒரு ஃப்ரேம் போதும்.

ராத்திரி ஆட்டத்தை ஒரு பப்ல டிவில பாத்தேன். முதல் ஃப்ரேம்லயே முடிஞ்சிடும்னு பாதிப் பேரு கோட்டை மாட்டிக்கிட்டே நின்னாங்க. வில்லியம்ஸ் ஒண்ணு எடுத்தார். அப்புறம் இன்னொண்ணு. மூணாவது எடுத்தப்போ கோட்டைக் கழட்டிட்டு உக்காந்தாங்க. நாலாவது. 17-12. பக்கத்து டேபிள்ல இருந்த பெரியம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க, அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. எனக்கு அந்த நேரத்துல கோலிதான் ஞாபகம் வந்துச்சு, ஒண்ணு, இன்னொண்ணு, இன்னொண்ணு.

அஞ்சாவது ஜாவோ எடுத்துட்டார். 18-12. சீனாவுல இருந்து வந்த முதல் உலக சாம்பியன், கொடியைப் போத்திக்கிட்டு நின்னார், வில்லியம்ஸ் சிரிச்சுக்கிட்டே கை குடுத்தார். பப்ல எல்லாரும் எழுந்து நின்னு ரெண்டு பேருக்கும் சேத்து கை தட்டினோம்.

ராத்திரி ஒரு மணிக்கு அப்பா ஃபோன், அங்க விடிகாலை அஞ்சரை. ஸ்கோர் பாத்துட்டாராம். "பரவால்ல, நாலு எடுத்தான்ல"ன்னார். அப்புறம் பிக் பிட் பத்தி ஒவ்வொண்ணா கேட்டார், கூண்டு எவ்ளோ வேகம், கூரைக்கு மரம் குடுத்திருக்கானா இரும்பான்னு. இரும்பு, சில இடத்துல மரம்னேன். கடைசில மறுபடி அந்தக் கையுறைக்கே வந்துட்டார். "வெள்ளைன்னா ஒரு நாள்தானே பாப்பா தாங்கும், தெனம் யாரு தொவச்சது?" நான் பதில் சொல்றதுக்குள்ள அவரே சொல்லிட்டார், அவங்கம்மாதான் தொவச்சிருக்கும்னு.

எங்க ஆயா அப்பாவோட காக்கிச் சட்டையை வேற துணியோட சேக்காம கொல்லைல தனி பக்கெட்லதான் ஊற வைக்கும். மூணு தண்ணி மாத்தினாலும் தண்ணி பழுப்பாவேதான் இருக்கும்.